காதுக்குப் பொருந்தாத இரண்டரை லட்சம்

போன மாதம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி முடிந்து, வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். குழுவின் கீபோர்டு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, கஸ்டம் ஐ.இ.எம். ஒண்ணு ஆர்டர் போடலாம்னு இருக்கேன். ஒரு காதுக்கு 18 ட்ரைவர். லோன் கிடைக்குது. போடட்டுமா?" விலையைக் கேட்டேன். சுமார் 3,000 டாலர். நம் பணத்தில் இரண்டரை லட்சத்தைத் தொடும். சுங்க வரி தனி.

"உன் காதுக்கு எப்ப டெஸ்ட் எடுத்த?" என்றேன். அவன் எடுத்ததே இல்லை.

மேடை மானிட்டர் மிக்ஸிங் எனக்கு 24 வருடத் தொழில். ஜனங்களுக்குப் போகிற ஒலியை எதிரே பந்தலில் உட்கார்ந்திருப்பவர் கவனிப்பார். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் காதில் விழுகிற ஒலி என் பொறுப்பு. முன்பெல்லாம் காலடியில் சாய்த்து வைத்த பெட்டிகள்தாம் மானிட்டர். பாடகர் கையைக் காட்டி "கூட்டுங்க" என்பார், கூட்டுவேன். அது டிரம்மருக்கு இடைஞ்சலாகி அவரும் கூட்டச் சொல்வார். பத்தாவது பாட்டுக்குள் மேடை முழுக்க இரைச்சலாகிவிடும். மைக் 'கூ'வென்று ஊளையிடும். காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் மானிட்டரான ஐ.இ.எம். வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது. அவரவர் காது அச்சை எடுத்து, அதற்கென்றே கூடு வார்த்துச் செய்வதுதான் கஸ்டம். மேடைக்காரர்களுக்காகப் பிறந்த இந்தப் பொருளை இன்று வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் ரசிகர்களும் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கட்டும். இசைக்காகச் செலவு செய்வதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை எடைபோடும் விதம் தலைகீழாக இருக்கிறது. உள்ளே இருக்கும் ட்ரைவர் (குட்டி ஒலிப்பான்) எத்தனை, கேபிள் வெள்ளியா செம்பா, விலை என்ன என்பதில் தொடங்குகிறார்கள். காது கடைசியில்தான் வருகிறது. பல பேருக்கு வருவதே இல்லை.

இந்தப் பொருள் பிறந்த கதையே காதில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் வான் ஹேலன் என்ற ராக் குழுவுக்கு மானிட்டர் மிக்ஸிங் செய்தவர் ஜெரி ஹார்வி, என் தொழில்காரர். அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு மேடைச் சத்தத்தால் காது பழுதாகிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கிடைத்த காதுக் கருவிகள் அவருக்குப் போதவில்லை. ஹார்வி தானே உட்கார்ந்து, பாஸுக்கு ஒன்று, மேல் ஸ்தாயிக்கு ஒன்று என்று இரண்டு ட்ரைவர் வைத்து ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அதிலிருந்து 1995-இல் 'அல்டிமேட் இயர்ஸ்' நிறுவனம் வந்தது. 2008-இல் அதை லாஜிடெக் வாங்கியது. அதற்கு முன்பே ஹார்வி 'ஜே.எச். ஆடியோ' என்று வேறு கடை போட்டிருந்தார். இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் 'பேலன்ஸ்டு ஆர்மச்சூர்' என்கிற குட்டி ஒலிப்பான் ஆதியில் காது கேட்கும் கருவிக்காக வளர்ந்தது. ஜப்பானில் 'ஃபிட்இயர்' என்ற பெயரில் கஸ்டம் செய்பவர்கள் பல் செட் செய்யும் ஆய்வகம் நடத்துபவர்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. பல் செட் கட்டுபவருக்குத் தெரியும்: அரை மில்லிமீட்டர் பிசகினால் எவ்வளவு உயர்ந்த பொருளும் வாயில் நிற்காது.

அந்த அரை மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று என் சொந்தச் செலவில் கற்றேன். எட்டு வருடத்துக்கு முன் முதன்முதலாகக் கஸ்டம் வாங்கியபோது, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு காது கருவிக் கடையில் அச்சு எடுத்தேன். வாயை மூடியபடி உட்காரவைத்து, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். சாமான் வந்தது. வலது காதில் அமிர்தம். இடது காதில் பாஸ் கிட்டார் வந்தது, போனது. பேசினால் போகும், வாயை மூடினால் வரும். எந்த நிறுவனத்தையும் நான் குற்றம் சொல்லமாட்டேன், அவர்கள் அனுப்பிய அச்சுக்குச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். புது அச்சு எடுத்து அனுப்பி, திரும்பி வர ஏழு வாரம் ஆனது. அந்தப் பொங்கல் கச்சேரிகள் முழுவதையும் பழைய பெட்டி மானிட்டரிலேயே ஓட்டினேன். என் இடது காதில் ராத்திரியில் சில்வண்டு போல் ஒரு ஓசை நிரந்தரமாகக் குடியேறியது அந்தப் பருவத்துக்குப் பிறகுதான்.

இரண்டாம் முறை ஒரு ஆடியோலஜிஸ்ட் அம்மாவிடம் போனேன். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். வாங்க நினைப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம். முதலில் விளக்கு வைத்த குழாயால் காதுக்குள் பார்த்தார். அழுக்கு இருந்ததால் அன்றைக்கு அச்சு இல்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்று நாள் கழித்துப் போனேன். நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் துண்டைக் காதின் இரண்டாம் வளைவுக்கு அப்பால் தள்ளி வைத்தார். செவிப்பறைக்குக் காவல் அது. காதுக் குழாய் நேர்க்கோடு இல்லை. உள்ளே போகப் போக இரண்டு இடத்தில் வளைகிறது. பிறகு பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். "வாயை இப்படியே திறந்து வைங்க சார், எச்சில் முழுங்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது." சிலிக்கோன் களியைப் பீச்சாங்குழலில் நிரப்பி உள்ளே விட்டார். சில்லென்று இறங்கியது. தெருவில் போன ஆட்டோ சத்தம், மின்விசிறிச் சத்தம், அவர் குரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. என் மூச்சும் நாடித்துடிப்பும் மட்டும் கேட்டன. ஐந்து நிமிடம். மெதுவாகத் திருகி வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். இளஞ்சிவப்பில் ஒரு சின்ன இஞ்சித் துண்டு போல இருந்தது. இரண்டு வளைவும் தெளிவாகத் தெரிந்தன. இடது காது அச்சில் ஓரிடத்தில் நகத்தால் தொட்டுக் காட்டினார். "இங்கதான் உங்க தாடை அசையும்போது குழாய் அகலுது. வாயை மூடி எடுத்தா இது பதிவாகாது."

ஏழு வாரத்தைத் தின்ற குற்றவாளி அந்த நகத்தடி இடம்தான். வாயைத் திறக்கும்போது தாடை மூட்டு நகர்கிறது. காதுக் குழாயின் சுவரும் அதோடு நகர்கிறது. அந்த ஊசிமுனை இடைவெளி போதும். தாழ்ந்த சுருதி எல்லாம் அது வழியே கசிந்து போய்விடும். அடைத்த குழாய்க்குள் காற்றை அழுத்தித்தான் பாஸ் உண்டாகிறது. ஓட்டை விழுந்தால் 18 ட்ரைவரும் சேர்ந்தாலும் அதை நிரப்ப முடியாது.

ஆகவே, எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் என் முதல் சோதனைக்குப் பாட்டே தேவையில்லை. எலெக்ட்ரானிக் தம்புராவைப் போனில் ஓடவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்து மூடுவேன். சிரிப்பேன், கொட்டாவி விடுவேன், தலையை இரண்டு பக்கமும் திருப்புவேன். மந்தர ஷட்ஜம் அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சமாவது மெலிந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பெரும்பாலான நிறுவனங்கள் பொருத்தத்துக்கு ஏறக்குறைய 30 நாள் உத்தரவாதம் தருகின்றன. பலர் அந்த 30 நாளையும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டே கழித்துவிட்டு, 31-ஆம் நாள் மேடையில் பாடும்போதுதான் கசிவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இரண்டாவது சோதனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். எவ்வளவு குறைந்த சத்தத்தில் பாட்டு முழுதாகக் கேட்கிறது? அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் வகுத்த கணக்கு இது: 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2. அப்படியே போனால் 100 டெசிபெலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். எங்கள் கச்சேரி 4 மணி நேரம் ஓடும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100 டெசிபெல் சர்வசாதாரணம். நன்றாகப் பொருந்திய கூடு வெளிச்சத்தத்தை 20 முதல் 26 டெசிபெல் வரை தடுக்கும் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்த அமைதிக்குள் மெல்லிய சத்தமே போதும். பொருந்தாவிட்டால் நடப்பது நேர் எதிர். வெளிச்சத்தமும் நுழையும், அதை மீறுவதற்கு உள்ளே இன்னும் ஏற்றுவார்கள். செவிப்பறைக்கு ஒரு அங்குல தூரத்தில் ஏற்றுவார்கள்.

ஜனங்களின் கைதட்டல் கேட்கவில்லை என்று ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிடும் பாடகர்களை எல்லா மேடையிலும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் உரப்பு ஒற்றைக் காதில் கிடைக்காது. அதனால் மாட்டியிருக்கும் பக்கத்தை ஏற்றுவீர்கள். கழற்றிய பக்கம் மேடைச் சத்தத்தில் வெறுமனே நிற்கும். இரண்டு காதும் கெட வேறு வழி வேண்டாம். ஜனங்கள் பக்கம் ஒரு மைக் வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒலியை உங்கள் காதுக்குக் கொடுப்பது என் வேலை.

இதற்கெல்லாம் பிறகுதான் ஒலியின் தரம். அதிலும் விலை நல்ல வழிகாட்டி இல்லை. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு 2017-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். காதுக்குள் செருகும் வகையும் அதில் அடக்கம். சில்லறை விலைக்கும், எந்தச் சுருதி எவ்வளவு உரப்பாக வருகிறது என்பதற்கும் உறவு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. என் அனுபவமும் அதேதான். 20 டாலர் 'மூன்டிராப் சூ' ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கிறது. சாதாரண ரப்பர் முனைதான். அதில் குரல் வருகிற அழகுக்கு முன்னால் சில லட்ச ரூபாய்ச் சாமான்கள் தலைகுனிய வேண்டும். அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. நல்ல பல ட்ரைவர் கஸ்டத்தில், எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் வெடிக்கிற இடத்தில்கூட ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும். அந்தச் சுகம் உண்மையானது, கேட்டிருக்கிறேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்த தொகுப்பு. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்குப் பின்னால் அடுக்கடுக்காக வரும் தந்திகளை ஒரு நல்ல கஸ்டத்தில் முதன்முதலாகக் கேட்டபோது, இருபது வருடம் கேட்ட தொகுப்பில் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று கண் கலங்கியது. ஆனால் அந்தக் கஸ்டம் ஒரு காதுக்கு 4 ட்ரைவர் வைத்தது, 18 அல்ல.

என்னிடம் இன்னொரு கண்டிப்பான பரிசோதகர் உண்டு. நாகஸ்வரம். திறந்த காதுக் குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம்; அது தானாகவே 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். குழாயை அடைத்தவுடன் இயற்கை கொடுத்த அந்த ஏற்றம் போய்விடும். கருவி செய்பவர்தான் கணக்குப் போட்டு அதைத் திருப்பித் தர வேண்டும். குறைவாகக் கொடுத்தால் நாகஸ்வரம் போர்வைக்குள் ஊதுவது போலிருக்கும். கூடுதலாகக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் காதைப் பிய்த்து எறியத் தோன்றும். நாகஸ்வரமும் தவிலும் பதிவான கச்சேரி ஒன்றை முக்கால் மணி நேரம் அலுக்காமல் கேட்க முடிந்தால், அந்தக் கருவியில் அதிகம் தப்பு இருக்காது. கடையில் 30 விநாடி கேட்டால் 'பளிச்'சென்று இருப்பதுதான் ஜெயிக்கும். வீட்டில் முக்கால் மணி நேரம் ஓடியதும் அதே பளிச்சே தலைவலியாகும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது உரப்பைச் சமமாக்காமல் ஒப்பிடவே கூடாது. ஒரு டெசிபெல் கூடுதலாக இருப்பதும் 'தெளிவாக', 'விரிவாக' இருப்பதாகத்தான் காதுக்குப் படும். மீட்டர் இல்லாதவர்கள் தம்புரா நாதத்தை இரண்டிலும் ஓடவிட்டு, ஒரே உரப்புக்கு வரும்வரை குமிழைத் திருப்பிக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தப் போனிலேயே கேளுங்கள்; கடைக்காரர் வைத்திருக்கும் விலையுயர்ந்த பிளேயரில் வேண்டாம். பல ட்ரைவர் கருவிகளின் மின்மறுப்பு சுருதிக்குச் சுருதி மாறும். எதில் செருகுகிறீர்களோ அதற்கேற்ப ஒலியும் மாறிவிடும்.

இங்கே கஸ்டத்துக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்க வழி இல்லை. கடையில் கேட்பது ரப்பர் முனை வைத்த பொது மாடல்; உங்கள் கூட்டில் அதே ட்ரைவர் வேறு ஆழத்தில் நிற்கும், மேல் ஸ்தாயி கொஞ்சம் இடம் மாறும். பிடிக்கவில்லை என்றால் விற்கவும் முடியாது; அது உங்கள் ஒருவர் காதுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் தன் காதுக்கு வார்த்த கருவியைப் பற்றி எழுதும் விமர்சனம் உங்கள் காதுக்கு எவ்வளவு பொருந்தும்? விமர்சகர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. ட்ரெபிளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்கு முன், உங்கள் காதுப் பரிசோதனைப் படத்தை வெளியிடுங்கள். என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்: இடது காதில் 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருக்கிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு வழக்கமாக விழும் இடம் அது. எனக்கு 'மென்மையாக' இருக்கும் கருவி உங்கள் மகளின் காதைக் குத்தலாம். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் எதையும் பரிந்துரைப்பதில்லை.

பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் மாட்டியதும் "அண்டாவுக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்பீர்கள். உங்கள் குரல் எலும்பு வழியாக வந்து, அடைத்த குழாய்க்குள் சிக்கிக்கொள்வதால் அப்படி. கூடு இரண்டாம் வளைவைத் தாண்டி ஆழமாக இருந்தால் அந்த அதிர்வு குறையும். ஆழமான அச்சை நான் வற்புறுத்த இது இன்னொரு காரணம். நம் ஊர் வெயிலில் வேர்வையும் காது அழுக்கும் ஒலித் துளையை அடைக்கும். கச்சேரி முடிந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். உடம்பு இளைத்தால், பருத்தால் காதும் மாறும். சில வருடங்களுக்கு ஒருமுறை அச்சைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டரை லட்சக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு தம்பியை அந்த வாரமே ஆடியோலஜிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினேன். கேட்கும் திறன் பரிசோதனையில் கோடு இரண்டு காதிலும் நேராக இருந்தது. அந்தத் தாளைப் பார்த்து எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. லோனை விட்டுவிட்டு, கையிலிருந்த காசில் 3 ட்ரைவர் கஸ்டம் ஒன்றுக்கு ஆர்டர் போட்டான். வாய்க்குக் கட்டை கொடுத்து, இரண்டாம் வளைவு தாண்டி எடுத்த அச்சு. போன சனிக்கிழமை அதோடு முதல் கச்சேரி. இடைவேளையில் அவன் இடுப்பில் இருந்த ரிசீவர் பேக்கின் ஒலிக் குமிழைப் பார்த்தேன். எப்போதும் முக்கால்வாசிக்கு மேல் திருகி வைத்திருப்பவன், கால்வாசியில் வைத்திருந்தான். "போதும்ணே, எல்லாம் கேக்குது" என்றான்.

குழு நடத்தும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புது மிக்ஸரும் புது லைட்டும் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, முதலில் டிரம்மருக்கும் தவில்காரருக்கும் காதுப் பரிசோதனை செய்து, அச்சு எடுத்துக் கொடுங்கள். கஸ்டம் மானிட்டருக்கு வசதி இல்லையென்றால் அதே அச்சில் சத்தம் குறைக்கும் ஃபில்டர் வைத்த காதடைப்பான் செய்யலாம். எடிமோட்டிக் நிறுவனத்தின் 15 டெசிபெல் ஃபில்டர் 1988 முதலே இசைக்கலைஞர்களுக்காகக் கிடைக்கிறது. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். 4,000 ஹெர்ட்ஸில் ஒருமுறை விழுந்த பள்ளத்தை நிரப்ப இன்றுவரை மருந்து இல்லை.